அட்டைச் சட்டமும் ஒற்றைக் கண்ணும்: நடுநிலை வகுப்பில் ஓவியம் சொல்லிக்கொடுத்த அனுபவம்

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வரையும்போது பக்கத்தில் போய் நின்றால் கையால் தாளை மறைத்துக்கொள்வார்கள். ஆறு வயதில் இதே பிள்ளைகள்தான் வரைந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காட்டியிருப்பார்கள். இடையில் பார்வை கூர்மையாகிவிட்டது. கை அந்த வேகத்துக்கு வளரவில்லை. நாற்காலி நாற்காலி மாதிரி இல்லை என்பது இப்போது அவர்களுக்கே தெரிகிறது, எதனால் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வியாளர் 1947-ல் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்து எழுதினார். ஏறக்குறைய 9 வயதில் ‘நிஜம் போல வர வேண்டும்’ என்ற ஆசை தலைகாட்டுகிறது, 12-ஐ ஒட்டி அது பிடிவாதமாகிறது, கூடவே தன் படத்தின் மீதே கடுமையான விமர்சனமும் வந்துவிடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். வகுப்பில் தினமும் கேட்கிற “மிஸ், எனக்கு வரவே வராது” அங்கிருந்துதான் புறப்படுகிறது.

இந்த வயதில் “உன் கற்பனைக்கு வரை” என்று தாளைக் கொடுப்பது கருணையாகத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிஜம் போல வரைய ஆசைப்படுகிற பிள்ளைக்கு அதற்கான வழியைக் காட்டுவதுதான் மரியாதை. ஆகவே ஒரு பருவம் முழுவதையும் ‘பார்த்து வரைதல்’ என்ற ஒரே விஷயத்துக்கு ஒதுக்கினேன். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், நாற்பது நிமிட வகுப்பு, சாதாரணப் பொருட்கள்.

ஒரு விதியை மட்டும் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். வகுப்பில் முடியாததை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. “மீதியை வீட்டில் முடித்துக்கொண்டு வா” என்றால் மீதியை முடிப்பது பெரும்பாலும் அக்காவோ அப்பாவோதான். வீட்டில் மட்டுமே செய்ய முடிகிற வேலை தனியாக இருக்கிறது, அதைத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கருவி வேண்டிய வேலையும் நாலு பேர் சேர்ந்து பேச வேண்டிய வேலையும் வகுப்புக்கு. நேரம் வேண்டிய வேலை, சொந்தப் பொருள் வேண்டிய வேலை, யாரும் பார்க்காமல் தப்புத்தப்பாகச் செய்துபார்க்க வேண்டிய வேலை எல்லாம் வீட்டுக்கு.

சட்டம் செய்தது

முதல் வேலை படம் வரைவதே இல்லை, ஒரு கருவி செய்வது. எதிரில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் அதன் வழியே பார்த்து, தெரிவதைக் கண்ணாடி மேலேயே கோடாக இழுப்பது. பழைய உத்திதான். இத்தாலியில் ஆல்பர்ட்டி என்ற கலை அறிஞர் 1435-ல் மெல்லிய துணித் திரையைச் சட்டத்தில் கட்டி அதன் வழியே பார்த்து வரையச் சொல்லி எழுதினார். ஜெர்மனியில் ட்யூரர் என்ற ஓவியர் 1525-ல் வெளியிட்ட, அளவீடு பற்றிய நூலில், கண்ணாடிப் பலகை வழியே ஓவியர் பார்த்து வரையும் மரச்செதுக்குப் படமே இருக்கிறது. பெரிய ஓவியர்களும் கருவி வைத்துத்தான் பழகினார்கள் என்று அந்தப் படத்தைக் காட்டியதும், “இது காப்பி அடிக்கிறது இல்லையா?” என்று கேட்க இருந்த வாய்கள் பாதி அடங்கிவிட்டன.

கண்ணாடிக்குப் பதில் ஓஎச்பி ஷீட், அதாவது மறுபக்கம் தெரிகிற பிளாஸ்டிக் தாள். ஏ4 அளவு, அதாவது 21 x 29.7 செ.மீ. பழைய அட்டைப்பெட்டியிலிருந்து ஷீட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் 18 x 24 செ.மீ. அளவில் ஜன்னல். இரண்டுக்கும் நடுவே ஷீட்டை வைத்து, இழுத்துப் பிடித்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். 18-ம் 24-ம் தற்செயல் இல்லை. பின்னால் 3 செ.மீ. கட்டம் போடும்போது அகலத்தில் ஆறு, உயரத்தில் எட்டு என்று மிச்சமில்லாமல் வரும். கத்தி வேலையை நானே செய்துவிட்டேன். அளப்பது, குறிப்பது, ஒட்டுவது பிள்ளைகள் வேலை. இரண்டு பேருக்கு ஒரு சட்டம் போதும், அதுதான் நல்லதும்கூட. ஒருவர் வரையும்போது இன்னொருவர் தலை அசைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தை நிற்கவைப்பதுதான் கொஞ்சம் படுத்தியது. முக்கோணமாக வெட்டிய அட்டைக் கால்களைக் கீழே பிளவில் செருகினால் நிற்கும், ஆனால் மார்க்கர் அழுத்தியதும் பின்னால் சாயும். கால்களின் பின்பக்கத்தை நீளமாக விட்டு, அதன் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்தோம். நின்றது.

அடுத்து மார்க்கர். ஸ்கெட்ச் பேனா ஷீட்டில் ஒட்டாது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ஒயிட்போர்டு மார்க்கர் எழுதும், ஆனால் கை பட்டதும் போய்விடும். பெர்மனென்ட் மார்க்கரே சரி. சானிட்டைசரில் நனைத்த துணியால் துடைத்தால் அழிந்துவிடும், ஷீட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஷீட்டில் விரல் எண்ணெய் படிந்த இடத்தில் மட்டும் கோடு விட்டுவிட்டு வரும். வரையத் தொடங்கும் முன் ஒரு முறை சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து உலரவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஒற்றைக் கண்

மேசை ஓரத்தில் ஒரு பெட்டியும் ஒரு கோப்பையும் வைத்தேன். சட்டம் முகத்திலிருந்து முப்பது, நாற்பது சென்டிமீட்டர் தள்ளி, முழங்கை மடங்கியபடியே கை எட்டுகிற தூரத்தில். ஒரு கண்ணை மூட வேண்டும். கண்ணாடி அணிந்த பிள்ளைகள் கண்ணாடியோடே பார்க்கலாம்.

இங்கேதான் மொத்தப் பாடமும் இருக்கிறது. தலை இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தால்கூடப் போதும், முன்பு போட்ட கோடு பொருளை விட்டு விலகிப் போய்விடும். பெட்டியின் நாலு பக்கமும் ஒன்றோடொன்று சேராது. “சார், பெட்டி நகர்ந்துடுச்சு” என்றான் ஒருவன் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம், அவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவன் சொன்னதில் தப்பில்லை, அவன் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் பெட்டிதான் நகர்ந்தது. நாடியைப் புத்தக அடுக்கின் மேல் வைத்துக்கொண்டதும் நகர்வது நின்றது. அதைவிட நல்ல வழி, அட்டையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் துளையிட்டு, அதைச் சட்டத்துக்கு முன்னால் தனியாக நிறுத்தி, எப்போதும் அந்தத் துளை வழியாகவே பார்ப்பது.

பார்ப்பவர் நிற்கும் ஒரே புள்ளியிலிருந்துதான் பர்ஸ்பெக்டிவ், அதாவது தட்டையான தாளில் ஆழத்தைக் காட்டும் முறை, பிறக்கிறது என்பதைக் கரும்பலகையில் எத்தனை கோடு போட்டு விளக்கினாலும் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். தலை அசைந்ததும் படம் உடைவதைத் தாங்களே பார்த்த பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. மறைபுள்ளி, அடிவானக் கோடு என்ற சொற்களை அதற்கு அப்புறம்தான் சொன்னேன். பெட்டியின் பக்கக் கோடுகளை ஷீட்டிலேயே அளவுகோல் வைத்து நீட்டச் சொன்னால், ஓரிடத்தை நோக்கிப் போய்க் கூடுகின்றன. அந்த இடம் தங்கள் கண்மட்டத்தில் இருப்பதைச் சரிபார்க்க ஒருத்தி நாற்காலி மேல் ஏறி நின்று இன்னொரு முறை வரைந்தாள். அது நான் திட்டமிட்ட பயிற்சியில் இல்லை, இப்போது சேர்த்துக்கொண்டேன்.

கோப்பைதான் பெரிய அதிர்ச்சி. கோப்பையின் வாய் வட்டம் என்று அவர்கள் மனதுக்குத் தெரியும், அதனால் வட்டமாகவே வரைவார்கள். அடிப்பாகம் மேசை மேல் தட்டையாக உட்கார்ந்திருப்பதும் தெரியும், அதனால் அடியில் நேர்கோடு போடுவார்கள். ஷீட்டில் விழுந்ததோ, வாய்க்கு ஒடுங்கிய நீள்வட்டம், அடிக்கு வளைகோடு. வாயைவிட அடிதான் கூடுதலாக வளைந்திருந்தது, ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. நம்ப மறுத்த இரண்டு பேர் சட்டத்தைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். தெரிந்ததை வரைவது வேறு, தெரிவதை வரைவது வேறு என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷீட்டில் வரைந்ததைத் தாளுக்கு மாற்ற இரண்டு வழி. ஜன்னல் கண்ணாடியில் ஷீட்டை ஒட்டி, மேலே மெல்லிய தாளை வைத்து வெளிச்சத்தில் நகலெடுக்கலாம். அல்லது ஷீட்டில் கட்டம் போட்டு, தாளிலும் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக மாற்றலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. கண் வேலை செய்கிறது.

சட்டம் ஓர் ஊன்றுகோல், அதைச் சீக்கிரம் பிடுங்கிவிட வேண்டும். ஒரு பொருளைச் சட்டத்தோடு வரைந்தால் அடுத்ததைச் சட்டம் இல்லாமல், நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து அளந்து வரைய வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கை முழுசாக நீட்டியிருக்க வேண்டும், முழங்கை மடங்கினால் ஒவ்வொரு அளவும் வேறு வேறாக வரும்.

வீட்டுக்கு அனுப்பிய வேலை

முதல் வீட்டு வேலை, செருப்பையோ ஷூவையோ தாளைப் பார்க்காமல் வரைவது. கண் பொருளின் விளிம்பில் மெதுவாக ஊர வேண்டும், பேனாவும் அதே வேகத்தில் தாளில் ஊர வேண்டும். பென்சிலும் ரப்பரும் கூடாது, பேனா மட்டும். ஐந்து நிமிடம். விளைவு எல்லோருக்குமே கோணல்மாணலாகத்தான் வரும், நன்றாக வரைகிற பிள்ளைக்கும் அப்படித்தான். அதனால் யாருக்கும் வெட்கம் இல்லை. வகுப்பில் இதைக் கொடுத்தால் பக்கத்துத் தாளைப் பார்த்துச் சிரித்தே நேரம் போய்விடும். வீட்டில் தனியாகச் செய்தால் உண்மையிலேயே பார்க்கிறார்கள். கொண்டுவந்த படங்களில் உருவம் சிதைந்திருந்தாலும் தையல் பிரிந்த இடமும் தேய்ந்த குதிகாலும் தெளிவாக இருந்தன.

இரண்டாவது, நிழல். ஒரு பாட்டிலை வெயில் விழும் இடத்தில் பெரிய தாளின் மேல் வைத்து, தாள் நகராமல் ஒட்டிவிட்டு, மணிக்கு ஒருமுறை நிழலின் விளிம்பை மட்டும் கோடிட வேண்டும். பக்கத்தில் நேரத்தை எழுத வேண்டும். இதற்கு ஒரு நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும், ஆகவே விடுமுறை நாள் வேலை. சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும் நேரத்தில் பாட்டில் உயரமும் நிழல் நீளமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்லியனுப்பினேன், அந்த நேரத்தைப் பிடிக்க அளவுகோலோடு காத்திருந்திருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு, பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91-ல் வைக்கோல் போர்களை வெவ்வேறு நேரத்திலும் பருவத்திலும் வரைந்த வரிசையைக் காட்டினேன். இதை முன்னாலேயே காட்டியிருந்தால் ‘அழகான படங்கள்’ என்று கடந்திருப்பார்கள். இப்போது, “இது சாயங்காலம், நிழல் நீளமா இருக்கு” என்று அவர்களே பேசினார்கள்.

பெற்றோருக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினேன். படத்தில் கை வைக்க வேண்டாம். “சூப்பர்” என்றும் சொல்ல வேண்டாம், “இது என்ன?” என்றும் கேட்க வேண்டாம். ஏதாவது கேட்கத் தோன்றினால், “எங்கே உட்கார்ந்து வரைந்தாய்?”, “எந்த இடம் கஷ்டமாக இருந்தது?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் பிள்ளைதான் பதில் சொல்ல முடியும். வரைய என்று ஒரு மூலையும், இரவில் அப்படியே விட்டுவைக்க ஒரு பலகையும் இருந்தால் போதும். தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்றால் பாதிப் பிள்ளைகள் தொடங்கவே மாட்டார்கள். விலை உயர்ந்த கலர் பெட்டி வாங்கித்தர வேண்டாம் என்றும் எழுதினேன். விலை கூடினால் வீணாக்கப் பயம் வரும், பயந்தால் சோதித்துப் பார்க்க மாட்டார்கள்.

செல்போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து வரையலாமா என்று எல்லோரும் கேட்டார்கள். இந்தப் பருவத்தில் வேண்டாம் என்றேன். முப்பரிமாணத்தைத் தட்டையாக்குவதுதான் நாம் பழகும் வேலை, போட்டோவில் அதை லென்ஸ் முன்பே செய்து முடித்துவிட்டது. அனிமே வரைகிறவர்களைத் தடுக்கவில்லை. “உன் ஆளை இந்த நாற்காலியில் உட்காரவை” என்று நிஜ நாற்காலியைக் காட்டினேன். நாற்காலியின் கோணம் ஒரு பக்கம், ஆளின் கோணம் இன்னொரு பக்கம் என்று இழுத்தபோது, அதுவரை பர்ஸ்பெக்டிவில் ஆர்வமே காட்டாத பையன் சட்டத்தைத் தேடி எடுத்தான்.

கருப்பிலிருந்து வெள்ளை வரை

ஷேடிங்கில் இந்த வயதினரின் நோய் ஒன்றே ஒன்று, எல்லாம் நடுத்தரச் சாம்பல். கருப்பைத் தொடவே பயம். ஐந்து கட்டம் போட்டு, முதல் கட்டத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, கடைசிக் கட்டத்தை மென்மையான, கருப்பாக எழுதும் 6பி பென்சிலால் இனி கருப்பாகாது என்கிற வரை தீட்டி, நடுவில் மூன்றைச் சமமாக ஏற்ற வேண்டும். சாதாரண எச்பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஆழம் வராது, தாள் பளபளக்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான். 2பி, 6பி இரண்டு இருந்தால் ஒரு வருடம் ஓட்டலாம். விரலால் தேய்ப்பதைத் தடை செய்தேன். தோலின் எண்ணெய் தாளில் ஏறினால் அந்தத் திட்டை ரப்பர் எடுக்காது.

அறையை இருட்டாக்கி, ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, வெள்ளைத் தாளில் செய்த உருளையையும் ஒரு வெள்ளைப் பந்தையும் வைத்தோம். இரண்டு விளக்கு எரிந்தால் நிழல் குழம்பும். பந்தில் அதிகக் கருப்பு எங்கே என்று கேட்டால் எல்லோரும் விளிம்பைக் காட்டுவார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னேன். கருப்புப் பட்டை விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே ஓடுகிறது, விளிம்பில் மேசையிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் லேசாக ஏறியிருக்கிறது. அதைப் போட்டதும் தாளில் பந்து உருண்டது. சரிபார்க்கச் செல்போனில் கருப்பு-வெள்ளையில் படம் எடுத்து ஒப்பிடலாம், பொருளையும் தாளையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் கேமரா ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்து ஏமாற்றிவிடும்.

வண்ணம்

வண்ணத்துக்குக் கொஞ்ச நேரமே கிடைத்தது. சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று எல்லோருக்கும் மனப்பாடம். கலந்தால் வருவது அழுக்குப் பழுப்பு. வழக்கமான பெட்டிச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, நீல ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், ஊதாவுக்கு எதுவும் மிஞ்சாது. சிவப்பை எடுத்துவிட்டு மெஜந்தாவை (ஊதா சாயல் கொண்ட இளஞ்சிவப்பு) கொடுத்ததும் ஊதா பளிச்சென்று வந்தது. மஞ்சள், மெஜந்தா, சயான் (பச்சை சாயல் கொண்ட நீலம்) மூன்றும் கொஞ்சம் வெள்ளையும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

பயிற்சி இது: வீட்டிலிருந்து ஒரு காய்ந்த இலையோ துணித் துண்டோ கல்லோ கொண்டுவந்து, அதன் நிறத்தைக் கலந்து, துண்டுத் தாளில் பூசி, உலர்ந்த பிறகு பொருளின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தாள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோனால் நிறம் சரி. உலர்ந்த பிறகு என்பது முக்கியம், வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். பழுப்பு இலை ஒன்றுக்குள் எவ்வளவு ஊதா இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அந்த வகுப்பு முடிகிற வரை வேறு எதையும் பேசவில்லை.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுகிற பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அது எக்ஸ் குரோமோசோம் வழி வருவது, ஆகவே பையன்களிடம் கூடுதல். இந்தப் பயிற்சியில் அது வெளியே தெரிந்துவிடும், அதனால் ஒப்பிடுகிற வேலையை எல்லோர் முன்னாலும் வைக்காமல் மேசையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. நிறத்தின் கருமை-வெண்மையைப் பொருத்துவதில் அவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை, சிலருக்குச் சிவப்பு மட்டும் கூடுதல் கருமையாகத் தெரியும்.

தாள் பற்றி ஒன்று. பிரிண்ட் எடுக்கும் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் தண்ணீர் வைக்காதீர்கள், சுருண்டு கிழியும். 200-க்கு மேல் இருக்க வேண்டும், அதையும் நாலு பக்கமும் பலகையில் டேப் போட்டு ஒட்டிவிட்டுத் தொடங்க வேண்டும்.

கடைசிப் படமும் மதிப்பெண்ணும்

முடிவில் ஒவ்வொருவரும் வீட்டின் ஒரு மூலையைப் படமாக்கினார்கள். எந்த மூலை, எந்த உயரம், எந்த நேரத்து வெளிச்சம் என்பதை வீட்டில் முடிவு செய்து, ஸ்கெட்ச் புக்கில் சின்னச் சின்னதாக ஆறேழு மாதிரிகள் வரைந்து கொண்டுவர வேண்டும். அட்டையில் வெட்டிய இரண்டு ‘எல்’ வடிவத் துண்டுகளை எதிரெதிரே வைத்து, எங்கே வெட்டினால் படம் நிற்கிறது என்பதை வகுப்பில் பார்த்தோம். மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்த படம் ஒன்று வந்தது, நாலு மேசைக் கால்களும் தூண்களாக நின்றன.

படங்களைப் பற்றிப் பேசும்போது ஒரே நிபந்தனை: வாயைத் திறக்கும் முன் படத்தில் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். “நல்லா இருக்கு” என்று சொல்ல எந்த இடத்தைத் தொடுவது? அதனால், “இந்த நிழல் கதவுக்குக் கீழே நுழையுது” என்கிற மாதிரிப் பேச்சு வந்தது. குறை சொல்வதும் ஓரிடத்தைப் பற்றியதாகிவிட்டதால், வரைந்தவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

தத்ரூபமாக இருக்கிறதா என்பதற்கு மதிப்பெண் கொடுக்கவில்லை. முதல் வாரப் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது என்று பிள்ளையே நாலு வரி எழுத வேண்டும். அந்த நாலு வரியும் ஸ்கெட்ச் புக்கில் இருக்கும் முயற்சிகளும்தான் கணக்கு. ஏற்கெனவே நன்றாக வரைகிற இரண்டு மூன்று பேருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது, அது நியாயமும்கூட. அவர்களுக்கு இன்னும் கடினமான பொருள்களைத் தனியாகக் கொடுத்திருந்தேன், கண்ணாடிக் குவளையில் பாதித் தண்ணீரும் அதில் சாய்ந்த ஒரு பென்சிலும்.

காட்சிக்கு எல்லோருடைய படத்தையும் மாட்டினோம், பிள்ளைகளின் கண்மட்டத்தில். பெரியவர்கள் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

சட்டங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஷீட்டில் கீறல் விழுந்தால் ஷீட்டை மட்டும் மாற்றினால் போதும். அடுத்த பருவத்தில் இதே சட்டம் வழியே முகம் வரையவைக்கப் போகிறேன். ட்யூரரின் படத்திலும் ஓவியருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது ஓர் ஆள்தான். முகத்தில் சிக்கல், பார்ப்பவர் தலையோடு எதிரில் இருப்பவர் தலையும் அசையாமல் இருக்க வேண்டும். உட்காருபவர் பின்தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, இரண்டு இரண்டு நிமிடமாக முறை மாற்றிக்கொள்வது என்று யோசித்திருக்கிறேன். கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன, நெற்றிக்குப் பக்கத்தில் இல்லை என்பதை இந்த முறை நான் சொல்லப்போவதில்லை, ஷீட் சொல்லட்டும்.